கடைசிப் பெட்டி வரை

போபோடி ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அங்கே நிற்கும் எல்லோரும் எஞ்சின் வரும் திசையைத்தான் பார்ப்பார்கள். எஞ்சின் தாண்டியதும் கைபேசிக்குத் திரும்பிவிடுவார்கள், அல்லது வண்டியைக் கிளப்பக் காலை உயர்த்துவார்கள். என் சித்தப்பா அப்போதுதான் பார்க்க ஆரம்பிப்பார். எழுபத்தெட்டு வயது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பார். கடைசிப் பெட்டி போய், அதன் முதுகில் இருக்கும் 'எல்.வி.' பலகை கண்ணில் பட்ட பிறகுதான் கைகளை அவிழ்ப்பார். கேட் திறந்து பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தாலும் அதற்கு முன் நகரமாட்டார்.

சரக்கு ரயில்களைப் பார்ப்பதற்கென்றே புனேக்குப் போய் ஒன்பது நாள் தங்கினேன் என்று சொன்னால் ஊரில் பலருக்கும் விளங்கவில்லை. புனே என்றால் சனிவார்வாடா இருக்கிறது, சிம்ஹகட் கோட்டை இருக்கிறது. எனக்குப் போபோடி போதுமாக இருந்தது.

போபோடி புனே நகரத்தின் வடமேற்கு ஓரம். பழைய மும்பை–புனே சாலை இதன் வழியாகப் போய், ஹாரிஸ் பாலத்தில் முளா ஆற்றைத் தாண்டுகிறது. அக்கரையில் தாபோடி. அங்கே பவனா ஆறு வந்து முளாவோடு சேர்கிறது. சாலைக்குக் கொஞ்சம் தள்ளி ரயில் பாதையும் அதே ஆற்றைத் தாண்டுகிறது. 2023 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ நிலையம் சாலைக்கு மேலே தூண்களில் நிற்கிறது. அதில் ஏறி நின்றால் ஆறும் தண்டவாளமும் குடிசைகளும் புதுக் குடியிருப்புகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஒரு விஷயம் எனக்குப் பிடித்துப் போனது. இங்கே பெய்யும் மழை முளாவில் விழுந்து, பீமா, கிருஷ்ணா என்று கைமாறி வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. அதே இடத்தைக் கடக்கும் சரக்குப் பெட்டியோ மலையிறங்கி அரபிக் கடலுக்குப் போகிறது. தண்ணீருக்கு ஒரு வழி, சரக்குக்கு அதற்கு நேர் எதிர் வழி.

அடுத்த ஸ்டேஷன் கட்கி. ஆங்கிலேயர் வாயில் கிர்க்கி. 1869-இல் அங்கே தோட்டா தயாரிக்கும் அம்யூனிஷன் ஃபாக்டரி வந்தது. கண்டோன்மெண்ட், படைப்பிரிவு, தொழிற்சாலை என்று ஒன்றையொட்டி ஒன்று வளர, தெற்கிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வேலூர், ஆற்காடு பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் கட்கியிலும் போபோடியிலும் இருக்கின்றன. சித்தியின் அப்பா ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். சித்தப்பா அந்த வீட்டு மாப்பிள்ளையாக வந்து, ரயில்வேயில் சேர்ந்து, சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் போகும் கூட்ஸ் கார்டாகி, அப்படியே ஓய்வும் பெற்றார். வீட்டில் தமிழ், வாசலில் மராத்தி, ரயிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டும் இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷை.

எனக்கு இந்தப் பித்து ஜோலார்பேட்டையில் பிடித்தது. அம்மா வழித் தாத்தா வீடு அங்கே. யார்டைத் தாண்டும் நடைமேம்பாலத்தில் நானும் தம்பியும் உட்கார்ந்து கூட்ஸ் பெட்டிகளை எண்ணுவோம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு போய்விடும், அழுகை வரும். எண்ணி முடித்ததும் தாத்தாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெட்டிகள் சிறியவை, நான்கே சக்கரம் கொண்டவை. எழுபது, எண்பது என்று கணக்கு நீளும். அந்த எண்ணில் ஒரு பெருமை இருந்தது, நாங்களே அந்த வண்டியை ஓட்டி வந்த மாதிரி.

முதல் நாள் காலை ஆறரைக்கெல்லாம் சித்தப்பா என்னை எழுப்பிவிட்டார்.

"எழுந்திரு தம்பி. ராணி வர நேரம். அதுக்கு முன்னாடி ஒருத்தன் நின்னுட்டிருப்பான், அவனைத்தான் பாக்கணும்."

ராணி என்றது டெக்கான் குயின். 1930 ஜூன் 1 முதல் ஓடும் வண்டி. காலை ஏழேகாலுக்குப் புனேயிலிருந்து புறப்படும். அவர் சொன்ன 'ஒருத்தன்', கட்கியில் ஓரத்துத் தடத்தில் நின்றிருந்த ஒரு கண்டெய்னர் வண்டி. நீலம், சிவப்பு, வெளிறிய பச்சை என்று பல கப்பல் கம்பெனிகளின் பெயர் போட்ட பெட்டிகள். டெக்கான் குயின் வேகமாகக் கடந்தது. அதன் பின்னால் லோக்கல், அப்புறம் இன்னொரு எக்ஸ்பிரஸ். ஒவ்வொன்றும் போகும்போதும் கண்டெய்னர் வண்டி அசையாமல் நின்றது. எஞ்சினிலிருந்து ஒரு விசிறிச் சத்தம் மட்டும். உதவி லோகோ பைலட் கீழே இறங்கிச் சக்கரங்களின் ஓரமாக நடந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மஞ்சள் சிக்னல் விழுந்ததும் அந்த எஞ்சின் புறப்பட்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது. முதலில் ஒரு தாழ்ந்த ஸ்வரம், அது படியேறுவது போல் உயர்ந்து, நின்று, மறுபடி கீழிருந்து தொடங்கி உயர்ந்தது. டபிள்யூ.ஏ.ஜி-9 வகையில் பழைய எஞ்சின்கள் அப்படித்தான் பாடிக்கொண்டு கிளம்பும். அதற்குப் பிறகு பெட்டிக்குப் பெட்டி கொக்கி இறுகும் சத்தம். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சங்கிலியை உதறிவிட்டது போல் அது ஓடிப் போயிற்று.

இந்த எழுத்துகளைப் படிக்கச் சித்தப்பாதான் சொல்லிக் கொடுத்தார். டபிள்யூ என்றால் அகலப் பாதை. ஏ என்றால் மாற்று மின்னோட்டம், டி என்றால் டீசல், சி என்றால் நேர் மின்னோட்டம். ஜி என்றால் சரக்கு, பி என்றால் பயணி, எம் என்றால் இரண்டுக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த எஞ்சினும் பெயர் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. பெட்டிகளும் அப்படியே. பாக்ஸ்-என் என்பது நிலக்கரி ஏற்றும் திறந்த பெட்டி. பி.சி.என். கூரை போட்டது, சிமெண்டும் உரமும் நெல்லும் போகும். பி.டி.பி.என். எண்ணெய் டாங்கி. பயணிகளுக்கு வயதாகிப் போன கோச்சுகளின் ஜன்னலை அடைத்து, கார் ஏற்றும் பெட்டியாக்கியிருப்பது என்.எம்.ஜி. பழைய ஸ்லீப்பர் கோச்சின் உடம்பு வாடி நிற்பதைக் கண்டால் எனக்கு என்னவோ செய்யும். உள்ளே ஒரு காலத்தில் கட்டுச்சோறு பிரித்தவர்கள் எத்தனை பேரோ.

பெட்டியின் பக்கவாட்டில் பதினோரு இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டும் எந்த வகை, அடுத்த இரண்டும் எந்த ரயில்வேக்குச் சொந்தம், ஐந்தாவதும் ஆறாவதும் எந்த ஆண்டில் கட்டியது. அடுத்த நான்கு அந்தப் பெட்டியின் சொந்த எண். கடைசி இலக்கம் மற்ற பத்தையும் கூட்டிப் பெருக்கிச் சரிபார்க்க. ஆற்றுப் பாலத்துக்கு வண்டி மெதுவாக வரும் நேரங்களில் நான் ஐந்தாவது, ஆறாவது இலக்கத்தை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். 98, 07, 07, 12, 21, 99. என் மகன் பிறந்த ஆண்டு வந்தது. சித்தப்பா ஓய்வு பெற்ற ஆண்டு வந்தது. ஒரே வண்டியில் இத்தனை வயதுப் பெட்டிகள் அடுத்தடுத்து கைகோத்துப் போகும் என்று நான் யோசித்ததே இல்லை.

சித்தப்பாவுக்கு எண் தேவையில்லை, சத்தம் போதும். மூன்றாம் நாள் ஒரு சிமெண்ட் வண்டி வந்தது. சீரான தாளத்துக்கு நடுவே ஒரு பெட்டி மட்டும் தட்-தட்-தட் என்று அடித்துக்கொண்டு போயிற்று.

"கேட்டியா? சக்கரம் தட்டுது. ஃபிளாட் டயர். எங்கியோ பிரேக் புடிச்சபடியே இழுத்திருக்கான், தேஞ்சு போச்சு."

"ஆபத்தா சித்தப்பா?"

"ரொம்ப தேஞ்சா ரயிலை உடைச்சிடும். இது கொஞ்சம்தான். முன்னாடி ஸ்டேஷன்ல பாத்திருப்பாங்க, எழுதியிருப்பாங்க."

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்காமல் ஓடும்போது பாயிண்ட்ஸ்மேன் பச்சைக் கொடியோடு ஏன் வெளியே வந்து நிற்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மரியாதைக்கு நிற்கிறார் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அவர் புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா, அச்சு சூடேறி வாசனை வருகிறதா என்று பார்க்கிறார். கேட்மேனும் அதையேதான் செய்கிறார். கடைசியாக எல்.வி. பலகை. லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி. அது கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று பொருள். பழைய முறையில், ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் ஸ்டேஷனுக்கு 'லைன் கிளியர்' சொல்ல முடியாது. நடுவில் கொக்கி அறுந்து பாதி வண்டி வழியில் நின்றிருந்தால்? அடுத்த வண்டி அதன் மேல் போய் மோதும். எஞ்சின் வந்துவிட்டது என்பதை வைத்து வண்டி வந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சித்தப்பாவின் கண் ஏன் அப்படிப் பழகியிருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

இரண்டு வருஷம் முன்பு மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே ரோஷெல் என்று ஒரு சிற்றூர். யூனியன் பசிஃபிக், பி.என்.எஸ்.எஃப் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளின் இரட்டைப் பாதைகள் அங்கே ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொள்கின்றன. ஊர்க்காரர்கள் 1998-இல் அந்தச் சந்திப்பின் ஓரமாக ஒரு பூங்காவே கட்டி, கூரை போட்டு, பெஞ்சு போட்டு, ரயில்காரர்களின் ரேடியோப் பேச்சு கேட்க ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள். குளிரில் கம்பளியும் ஃபிளாஸ்க்குமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அங்கே ஒரு வண்டி வந்தது. கண்டெய்னருக்கு மேல் கண்டெய்னர், இரட்டை அடுக்கு. முன்னால் எஞ்சின்கள், நடுவிலும் ஒன்று. குறுக்குத் தண்டவாளத்தில் சக்கரங்கள் விழும் சத்தம் மார்பில் அடித்தது. முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பெட்டி, அதன் கொக்கியில் ஒரு சின்னக் கருவி, மினுங்கும் சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். ஆள் இல்லை.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"கடைசில யாருமே இல்லியா?"

"இல்ல சித்தப்பா. முன்னாடி இருந்ததாம். கபூஸ்னு பேரு. 1980-கள்ல எடுத்துட்டாங்க. இப்ப அந்தக் கருவி பிரேக் பைப்புல காத்து எவ்ளோன்னு ரேடியோவுல எஞ்சினுக்குச் சொல்லிடும்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எவ்ளோ காட்டணும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

"எஞ்சின்ல அஞ்சு கிலோ இருக்கணும். என் வேன்ல நாலு புள்ளி எட்டு. முள்ளு அதுக்குக் கீழ நின்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

அந்தக் கருவி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. கார்டு என்ற பதவிப் பெயரும் 2022-இல் 'டிரெயின் மேனேஜர்' ஆகிவிட்டது. சித்தப்பா அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பெரும்பாலான பாதை சரக்குக் கம்பெனிகளுடையது. 1971-இல் தொடங்கிய ஆம்ட்ராக் என்ற பயணி ரயில் பெரும்பாலும் அடுத்தவர் தண்டவாளத்தில் ஓடுகிறது. பயணி வண்டிக்கே முன்னுரிமை என்று சட்டம் இருந்தும், ஒதுங்கும் தடங்களில் அடங்காத நீளத்துக்குச் சரக்கு வண்டிகள் வளர்ந்துவிட்டதால், பல இடங்களில் ஒதுங்கி நிற்பது மனிதர்கள்தான். போபோடியில் இது தலைகீழ். புனே–லோனாவாலா நடுவே இரண்டே தடம். 1978 முதல் ஓடும் லோக்கல்களும், மும்பை எக்ஸ்பிரஸ்களும், தெற்கே போகும் நம் வண்டிகளும் அந்த இரண்டில்தான். சரக்கு காத்திருக்கிறது. 2024-25-இல் இந்திய ரயில்வே ஏற்றிய சரக்கு 160 கோடி டன்னுக்கு மேல். வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிலிருந்து வருகிறது. நாம் கொடுக்கும் டிக்கெட் காசு நம் பயணத்துக்குப் போதாது, மீதியை இந்தக் கூட்ஸ் வண்டிதான் கட்டுகிறது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுபவர் கடைசியாகச் சாப்பிட உட்காருவது போல, அது கட்கியின் ஓரத் தடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. மனிதர்கள் முன்னால் போகட்டும் என்று ஒரு நாடு முடிவு செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்டில் நிற்கும்போது அந்த வண்டியைத் திட்டுவது எனக்கு இனி முடியாது.

ஐந்தாம் நாள் காட் பார்க்கப் போனோம். புனேக்கும் மும்பைக்கும் நடுவே ரயில் ஏறி இறங்கும் மலைப்பகுதி அது. போர்காட் என்பது வரைபடத்துப் பெயர். ரயில்காரர்கள் வாயில் அது வெறும் 'காட்'. லோக்கலில் லோனாவாலா வரை போய், அங்கிருந்து ஒரு எக்ஸ்பிரஸில் கர்ஜத் இறங்கினோம். மழைக்காலம் முடியும் தறுவாய். பாறை முகங்களில் எல்லாம் தண்ணீர் வெள்ளிக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

மும்பைக்குப் போகும் வண்டி 'அப்'. ஆக, மலையிறங்கும் வண்டியை இங்கே அப் என்றும், மலையேறும் வண்டியை டவுன் என்றும் சொல்கிறார்கள். இறங்கும் வண்டி அங்கங்கே நின்று நின்றுதான் போக வேண்டும். மங்கி ஹில் போன்ற இடங்களில் மேல்நோக்கி ஏறி முட்டுச்சந்தாக முடியும் ஒரு தடம் இருக்கிறது. பாயிண்ட் எப்போதும் அந்த முட்டுத் தடத்துக்கே திருப்பி வைத்திருக்கும். வண்டி முழுதாக நின்று, கட்டுப்பாட்டில் இருப்பது உறுதியான பிறகுதான் நேர்த் தடத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டியை மலையே ஏந்திக்கொள்ள ஒரு கை நீட்டி வைத்திருப்பது மாதிரி.

ஏற்றத்தின் கடுமை 37-க்கு 1. முப்பத்தேழு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். காலால் நடந்தால் பெரிதாகத் தெரியாது. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது அது பெரிய மலை. கர்ஜத்தில் ஒவ்வொரு கனமான வண்டிக்கும் பின்னால் பேங்கர் எஞ்சின்களைக் கோத்துத் தள்ள வைக்கிறார்கள். ஏன் எல்லா எஞ்சினையும் முன்னாலேயே போடக் கூடாது என்று கேட்டேன். சித்தப்பா தன் கைவிரல்களைக் கொக்கியாக மாட்டி இழுத்துக் காட்டினார். எல்லாம் முன்னால் இருந்தால் முதல் கொக்கிதான் வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும், அறுந்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால் பாரம் பாதி இழுப்பாகவும் பாதி உந்தலாகவும் பிரிந்துவிடுகிறது. முழுச் சுமையோடு ஒரு பாக்ஸ்-என் வரிசை என்றால் ஏறத்தாழ 5,000 டன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1854-இல் திறந்த ஹார்ஸ்‌ஷூ வளைவிலும் இப்படித்தான் இன்றும் தள்ளு எஞ்சின்கள் வேலை செய்கின்றன. மலை எங்கே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கண்டாலாவிலிருந்து புனே வரை 1858-லேயே ரயில் வந்துவிட்டது. கீழே மும்பைப் பக்கம் 1856-லேயே கம்போலி, அதாவது இன்றைய கோபோலி, வரை பாதை இருந்தது. நடுவே இந்த மலை மட்டும். பயணிகள் பல்லக்கிலும் குதிரையிலும் மலையேறி மறுபடி ரயில் பிடித்தார்கள். தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி திட்டம் போட்டார். 1859-இல் ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் வந்து சில வாரங்களிலேயே நோயில் இறந்தார். ஒப்பந்தத்தைக் கைவிடாமல் எடுத்து நடத்தியவர் அவர் மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல். இரண்டு பொறியாளர்களை நியமித்து வேலையைத் தொடரச் செய்தார். 1863-இல் பாதை திறந்தது. அதைக் காண பெர்க்லி இல்லை, முந்தைய ஆண்டே இறந்திருந்தார். இந்தப் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. ஒரு கட்டத்தில் 40,000 பேருக்கு மேல் இந்த மலையில் கல் உடைத்தார்கள், கயிற்றில் தொங்கிப் பாறையில் துளை போட்டார்கள், காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது எங்காவது எழுதியிருக்காதா என்று சுரங்க வாய்களைத் தாண்டும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கர்ஜத் பிளாட்பாரத்தில் வடா பாவ் வாங்கினோம். பேங்கர் கோப்பதற்காகப் பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் இங்கே நின்றே ஆக வேண்டும். அந்தச் சில நிமிஷங்கள்தான் திவாட்கர் வடையை மகாராஷ்டிரம் முழுக்கப் பேர் பெற வைத்தன. சூடாக, பச்சை மிளகாயோடு. நாங்கள் தின்று முடிப்பதற்குள் பேங்கர்கள் ஒன்றோடொன்று கோத்தபடி மலையிலிருந்து இறங்கி வந்தன, அடுத்த வண்டியை ஏற்றிவிட. நாள் முழுக்க அவற்றுக்கு இதே வேலை. ஏற்றிவிடு, கழற்றிக்கொள், இறங்கி வா. தாங்களாக எந்த ஊருக்கும் போவதில்லை.

சித்தப்பா சேர்ந்த புதிதில் இங்கே நேர் மின்னோட்டம். பழைய டபிள்யூ.சி.ஜி-1 எஞ்சின்களுக்கு மராத்தியில் 'கேக்டா' என்று பெயர், நண்டு. முன்னும் பின்னும் நீண்ட மூக்கும், பக்கத்தில் மடங்கி நீளும் இரும்புக் கம்பிகளுமாக ஊர்ந்து வரும். அதில் ஒன்று, 'சர் லெஸ்லி வில்சன்', டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம் சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூ.சி.ஜி-2 வந்தது. அவர் பணிக்காலத்தில் பெரும்பகுதி அதன் உந்தலில்தான் மலையேறினார்.

அதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். லோனாவாலாவுக்குத் திரும்பும் வண்டியில், கதவோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"கூட்ஸ் கார்டுனா தனியாள் தம்பி. டிரைவருக்கு அசிஸ்டெண்ட் உண்டு, பேச ஆள் உண்டு. நமக்கு அரை மைலுக்கு அந்தாண்ட எஞ்சின். ராத்திரில அது விசில் குடுத்தா லேசா கேக்கும், அவ்ளோதான். நடுக்காட்டுல நிறுத்திடுவான். ஒரு மணி, ரெண்டு மணி. தவளை, மழை, நான். ஆனா கர்ஜத்ல பேங்கர் கோத்தா என் வேனுக்குப் பின்னாடி வந்து நிக்கும் பாரு, அதோட ஹெட்லைட், ஃபேன் சத்தம், அதுல ரெண்டு ஆளு. 'கார்டு சாப், சஹா?'ம்பான். டீ கிளாஸ நீட்டுவான். காட் ஏறி முடியற வரைக்கும் எனக்கு அக்கம்பக்கம் இருக்கும். லோனாவாலால கழட்டிட்டுப் போயிடுவான். மறுபடி இருட்டு."

பழைய பிரேக் வேன்கள் பலவற்றில் விளக்கு கிடையாது, கழிப்பறை கிடையாது. நான்கே சக்கரம், எலும்பெல்லாம் குலுங்கும். ஒரு பெட்டி, அதில் சிவப்பு, பச்சைக் கொடிகள், கை விளக்கு, தண்டவாளத்தில் வைத்தால் வெடித்து எச்சரிக்கும் டெட்டனேட்டர்கள், பிரேக் சர்டிஃபிகேட், ஒரு டிபன் கேரியர். வண்டி நடுவழியில் பழுதாகி நின்றால், பின்னால் வரும் வண்டியை எச்சரிக்க அந்த டெட்டனேட்டர்களை எடுத்துக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டியவர் அவர்தான். மழை நாள் ஒன்றில், சுரங்கங்களுக்கு நடுவே, வழுக்கிய சக்கரங்கள் மணல் தூவியும் பிடிக்காமல் வண்டி நின்றுவிட, அப்படி நடந்திருக்கிறார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். "பயமா இருந்துதா?" என்றதற்கு, "கால் எண்ணிக்கிட்டே போனா பயம் வராது" என்றார்.

சித்தி இதையெல்லாம் கேட்டிருந்தும் ஒன்றும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த அன்று இரவு அடை வார்த்துக்கொண்டே என்னிடம், "இவரு டூட்டிக்குப் போனா எப்ப வருவாருன்னு முப்பது வருஷம் எனக்குத் தெரியாது. கேட் சத்தம் கேட்டா இவரு வண்டியோன்னு ஜன்னல்ல நிப்பேன். எஞ்சினைப் பாத்து என்ன தெரியும், இவரு கடைசில இல்ல வருவாரு. முழு வண்டியும் போற வரைக்கும் நிப்பேன்" என்றாள்.

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே இது புதுச் செய்தியாக இருந்திருக்கும் போல.

கடைசி இரவு பதினொரு மணிக்கு மேல் கேட்டுக்கு நடந்தோம். பகலில் மோட்டார் சைக்கிள்கள் முட்டி மோதும் இடம். அப்போது இரண்டு ஆட்டோக்களும் ஒரு பால் வண்டியும் மட்டும் நின்றன. தகப்பன் தோளில் தூங்காமல் இருந்த ஒரு குழந்தை, "மால்காடி ஆலீ!", கூட்ஸ் வண்டி வந்துவிட்டது, என்று மராத்தியில் கத்திற்று. ஆற்றுப் பாலத்துப் பக்கமிருந்து ஹெட்லைட் வந்தது. பாலத்தின் மேல் சத்தம் உள்ளீடற்று ஒலித்து, கரை ஏறியதும் கனத்தது. பாக்ஸ்-என் பெட்டிகள். நிறைந்த பாரம். மலையேறி வந்த வண்டி. தண்டவாளம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அழுந்தி எழுவது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

கேட்மேன் பச்சை விளக்கோடு நின்றார். சித்தப்பாவின் பையில் டார்ச் இருந்தது, எடுக்கவில்லை. "விளக்கு காட்டறது அவன் வேலை. நாம காட்டினா அவனுக்குக் குழப்பம்" என்று முன்பே சொல்லியிருக்கிறார். கைகளைப் பின்னால் கட்டி நேராக நின்றார். நான் உதட்டுக்குள் எண்ணினேன். ஜோலார்பேட்டைப் பாலத்தில் எண்ணிய அதே வேகத்தில், அதே பயத்தோடு. முப்பது. நாற்பது. குழந்தை தூங்கிவிட்டது. ஐம்பது. சக்கரம் எதுவும் தட்டவில்லை.

பிரேக் வேன் வந்தது. மினுங்கும் சிவப்பு விளக்கு, எல்.வி. பலகை, திண்ணை போன்ற அந்தச் சின்ன வெளியிடத்தில் ஒரு இளைஞர் நின்றபடி கேட்மேனுக்குப் பச்சை காட்டினார். ஒரு வினாடி எங்கள் பக்கம் பார்த்திருக்கலாம். சிவப்பு விளக்கு கட்கி வளைவில் மறைந்தது.

"ஐம்பத்தெட்டு" என்றேன்.

சித்தப்பா கைகளை அவிழ்த்தார்.

"அந்தப் பையனை விட்டுட்ட. ஐம்பத்தொன்பது."